'ஊதல் சோதனை' வேண்டாமே

ஐயா,

மூச்சுக்குழாய் அழற்சியை அறிய, மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளக்கும் சோதனைக்கு 'ஊதல் சோதனை' என்று எழுதியிருந்தீர்கள். சொல் எளிது, ஆனால் ஆளைத் தவறாக ஊத வைக்கும். நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் "ஊதுங்க, வேகமா, இன்னும் இன்னும்" என்று சொல்லிச் சொல்லி, ஊதல் என்றாலே வேகம் என்றாகிவிட்டது. இங்கே வேகம்தான் பிழை.

நெஞ்சு நிறைய இழுத்து, நொடிக்கு 50 மில்லிலிட்டர் வீதம், கருவியைப் பொறுத்து 6 அல்லது 10 நொடி ஒரே சீராக விடவேண்டும். வாயு கசிவது மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து. நாகைப் பக்கத்துக் கடைமடை வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிதானமாகப் போனால் மண்ணின் உப்பு அதில் ஏறும். வெள்ளமாக ஓடினால் உப்பே தெரியாது. வேகமாக ஊதியவருக்கும் அப்படித்தான், இருக்கிற அழற்சி இல்லாததுபோல் காட்டும். கருவி தரும் தடையை எதிர்த்து விடும்போது மெல்லண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்பக்க மென்பகுதி) மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை மூடிக்கொள்ளும். மூக்கில் இந்த வாயு பல மடங்கு உண்டு. மூடாவிட்டால் அது கலந்து அளவை ஏற்றிவிடும்.

'ஆஸ்துமா சோதனை' என்பதும் சரியில்லை. பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழ் குறைவு. 50-க்கு மேல் போனால் இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகையால் வரும் அழற்சி இருக்கலாம், அது ஸ்டீராய்டு இன்ஹேலருக்குக் கட்டுப்படக்கூடும். சிறுவர்களுக்கு 20, 35. ஆனால் ஒவ்வாமை மூக்கொழுகலிலும் அளவு ஏறும், புகைப்பவருக்கு இறங்கும். நோயின் பெயரைச் சோதனைக்குச் சூட்டினால் எண்ணே நோய் என்று படித்துவிடுவார்கள்.

'நிசுவாசம்' எழுதினால் உள்ளே போவதா வெளியே வருவதா என்று பாதிப்பேர் கேட்பார்கள். 'வெளிமூச்சு' என்றால் கேள்வியே இல்லை. ஆங்கிலப் பெயரின் 'fractional' என்பதற்கு 'பின்ன' என்ற முன்னொட்டும் வேண்டாம், குறிப்பது செறிவைத்தான். என் பரிந்துரை: வெளிமூச்சு நைட்ரிக் ஆக்சைடு செறிவு. மூச்சைக் குளிரவைத்துத் திரட்டும் நீருக்கு 'மூச்சு வடிநீர்'.

---

அம்மா,

அறிக்கைக்கு உங்கள் சொல்லே இருக்கட்டும். வெறும் 'மூச்சுச் சோதனை' என்று சுருக்கினால் வயிற்றுக் கிருமிக்குச் செய்யும் யூரியா சோதனையோடு குழம்பும். தை, மாசியில் பதர்த்தூசி பட்டு 'வீசிங்' என்று வருபவரிடம் சொல்ல 'சீர்மூச்சுச் சோதனை' பொருந்துகிறது; செய்யவேண்டியது பெயரிலேயே இருக்கிறது.

சோதனைக்கு வருபவருக்குத் தரும் சீட்டில் இதையும் அச்சடிக்கலாம்: ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, சிகரெட் கூடாது. கீரையும் பீட்ரூட்டும் அளவை ஏற்றும், சாப்பிட்டிருந்தால் சொல்லவும். ஸ்பைரோமெட்ரி இதற்குப் பிறகுதான். முன்னால் செய்தால் அளவு இறங்கிவிடும். ஊழியர் வாயிலும் 'ஊதுங்க' வரக்கூடாது. "நிறைய இழுங்க, மெதுவா, ஒரே சீரா விடுங்க."