மரத்தரைக்கு வேக்குவம்: உங்கள் அனுபவம் என்ன?

நியூ ஜெர்சியிலிருந்து:

வேக்குவம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட், எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான். மரத்தரை இருக்கிற வீட்டுக்கு அது அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி. உறிஞ்சும் காற்று தரையைக் கீறாது. சுழலும் முரட்டு பிரஷும், சக்கரமும், அவற்றில் சிக்கிய மணலும்தான் கீறும். அதனால் கடையில் மெஷினைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் ரெட் ஓக் தரை. குடிவரும் முன்பே ஹால் முழுக்க மெல்லிய கோடுகள், எல்லாம் முன்னும் பின்னுமாக ஒரே திசையில். முன்பு இருந்தவர்கள் கார்ப்பெட் வேக்குவத்தைப் பிரஷை நிறுத்தாமல் ஓட்டியதாக வீட்டுக்காரர் சொன்னார். ஓக் கெட்டியான மரமாயிற்றே என்று தோன்றும். மரத்தின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஜாங்கா அளவில் ரெட் ஓக் 1290, உறுதிதான். ஆனால் நம் காலும் வேக்குவமும் படுவது மரத்தின் மேல் இல்லை, மேலே பூசியிருக்கும் பாலியூரிதேன் படலத்தின் மேல். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் அளவில் பத்துக்கு 7. அதற்கு முன்னால் அந்தப் படலம் நிற்காது.

சுழலும் பிரஷ் கார்ப்பெட்டுக்குப் பிறந்தது. ஒஹாயோவின் ஜேம்ஸ் ஸ்பேங்லர் 1908இல் காப்புரிமை பெற்று, பிறகு ஹூவர் குடும்பம் வாங்கிய அந்த மெஷினிலேயே அது உண்டு. கார்ப்பெட் இழைக்குள் புகுந்து தூசியைக் கிளப்புவது அதன் வேலை. மரத்தரையில் கிளப்ப ஒன்றுமில்லை, மணலைத்தான் பின்பக்கமாக வீசி அடிக்கும். பிரஷை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்லி அமெரிக்க மரத்தரைச் சங்கமான என்.டபிள்யூ.எஃப்.ஏ.வும் அறிவுறுத்துகிறது. சில மாடல்களில் நிறுத்த பட்டனே கிடையாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்காதீர்கள்.

நான் வாங்கியது, உடல் பின்னால் உருண்டு வர, குழாயின் நுனியில் அகலமான தலை உள்ள கேனிஸ்டர் வகை. தலையில் குதிரைமுடி போன்ற மெத்தென்ற பிரஷ். கம்பியில்லாத வேக்குவம்தான் வேண்டும் என்றால் துணி சுற்றிய மென்மையான ரோலர் உள்ளதா என்று பாருங்கள்.

சக்கரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். ரப்பர் பூசிய சக்கரமே நல்லது. ஆனால் நல்ல சக்கரத்திலும் அச்சில் தலைமுடி சுற்றிக்கொண்டால் உருளாமல் நின்றுவிடும். நின்ற சக்கரத்தில் ஒரு மணல் துணுக்கு ஒட்டியிருந்தால், நாம் தள்ளும் தூரம் முழுக்க ஒரே கோடு. பையையோ டப்பாவையோ காலி செய்யும்போதெல்லாம் தலையைத் திருப்பி, கத்தரிக்கோலால் முடியை வெட்டி எடுத்து, சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பேன். தலையின் ஓரத்தில் ஃபெல்ட் பட்டை இருந்தால் அது தேய்ந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்ப்பேன்.

ரொறொன்ரோவிலிருந்து:

அக்கா சொன்ன சக்கர விஷயம் முற்றிலும் உண்மை. இங்கே பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை, வீதியில் போடும் உப்பு. சப்பாத்தோடு உள்ளே வந்து வாசலடியில் கொட்டும். ஈரமாக இருக்கும்போது வேக்குவம் போடக்கூடாது; சாதாரண வேக்குவத்தின் மோட்டாருக்கும் தண்ணீர் ஆகாது. காய விட்டு, முதலில் உப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கிறோம். முதலிலேயே துணி போட்டால் உப்புக் கல்லையும் சேர்த்து இழுத்துத் தேய்ப்பதாகிவிடும். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு கால்மிதி போட்ட பிறகு வேலை பாதியாகக் குறைந்தது.

ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்று வறண்டு பலகைகளுக்கு இடையில் இடைவெளி விழும், அதற்குள் தூசி இறங்கும். கூரான பிளாஸ்டிக் முனையைத் தரையில் உரசாமல், தூசி தட்டும் சின்ன வட்டப் பிரஷை மாட்டி எடுக்கிறோம். வீட்டு ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் அந்த இடைவெளியும் பெரிதாக விரியாது.

டாலஸிலிருந்து:

எங்களிடம் இருப்பது ரோபோ. தினமும் ஓடுவதால் மணல் சேரவே நேரமில்லை, அந்த வகையில் தரைக்கு நல்லது என்றே சொல்வேன். ஆனால் முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தை மறக்காமல் கழற்றிப் பாருங்கள். முடியும் மணலும் அடைவது அங்கேதான். துடைக்கும் வசதியும் உள்ள ரோபோ என்றால், ஈரத் துணியோடு மரத்தின் மேல் நிற்க விடாதீர்கள். நாங்கள் அதன் ஸ்டேண்டை டைல்ஸ் போட்ட இடத்துக்கு மாற்றிவிட்டோம்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ கொஞ்ச இடத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மொபைல் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், நின்று பார்க்கும்போது தெரியாத கோடுகூடத் தெரிந்துவிடும்.