தருணின் தைராய்டு ரிப்போர்ட்

கவிதா: தருணுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் வந்துவிட்டது. தைராய்டை வேலை வாங்க மூளை அனுப்பும் ஹார்மோன் டிஎஸ்எச் 6.8, கொஞ்சம் அதிகம். தைராய்டு சுரக்கும் டி4 நார்மல். டாக்டரை வியாழக்கிழமைதான் பார்க்க முடியும் 😟

பெரியம்மா: பிள்ளை ஊதிக்கொண்டே போகும்போதே சொன்னேன், தைராய்டுதான் என்று. எங்கள் அம்மாவுக்கு இருந்தது. எனக்கு, உன் அம்மாவுக்கு, ராஜாவுக்கு என்று யாரை விட்டது?

ராஜா மாமா: என்னிடம் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை ஒரு பாட்டில் இருக்கிறது. பாதி மாத்திரை கொடுத்துப் பாரேன், எடையும் இறங்கும்.

செந்தில்: மாமா, அந்தப் பேச்சே வேண்டாம் 🙏 கவிதா, அவன் உயரம் எப்படி?

கவிதா: கிளாஸிலேயே உயரம் அண்ணா. ஜூனில் தைத்த பேண்ட் கணுக்காலுக்கு மேலே போய்விட்டது.

செந்தில்: அப்படியானால் பயப்படாதே. தைராய்டு நிஜமாகவே சுரக்காவிட்டால் உயரம் நின்றுவிடும். எடையும் உயரமும் சேர்ந்து ஏறும் பிள்ளைக்குத் தைராய்டால் எடை கூடுவது அபூர்வம். பெரும்பாலும் எடையால்தான் டிஎஸ்எச் கூடுகிறது. கொழுப்பிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் வருகிறது. அது மூளையைத் தூண்டுகிறது, டிஎஸ்எச் ஏறுகிறது. எடை குறைந்தால் தானாக இறங்கும்.

பெரியம்மா: அப்போ பரம்பரை என்பதெல்லாம் சும்மாவா தம்பி?

செந்தில்: இல்லை பெரியம்மா, அதுவும் இருக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு 3 இருக்கும், இன்னொருவனுக்கு 7 இருக்கும். டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்து 2004-இல் வந்த ஆய்வில், டிஎஸ்எச் ஆளுக்கு ஆள் மாறுவதில் ஏறக்குறைய 64 சதவீதம் மரபணுவால் என்று கண்டார்கள். டிஎஸ்எச்சை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் சின்ன மாற்றம் இருந்தால், சுரப்பிக்குக் காது மந்தம் மாதிரி. மூளை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அதனால் டிஎஸ்எச் கூட இருக்கும், டி4 சரியாக இருக்கும்.

அப்புறம் நம் வீட்டில் இத்தனை பேருக்கு இருப்பதால், உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டிபிஓ டெஸ்டும் எடுக்கச் சொல். அந்த வகை குடும்பத்தில் தொடர்ந்து வரும். அதை மட்டும் விடக்கூடாது.

பிரபு: மச்சான், அப்படியே மரபணு டெஸ்டும் எடுத்துவிடலாமா? பணம் பரவாயில்லை.

செந்தில்: இவனுக்குத் தேவைப்படாது மாப்பிள்ளை. ஐந்து வயதுக்கு முன்பே எடை எக்கச்சக்கமாக ஏறி, எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத குழந்தைகளுக்குத்தான் அது. 1997-இல் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள், பசியையும் அடக்கும் அந்த லெப்டினே மரபணுக் கோளாறால் சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். 8 வயதுப் பெண் 86 கிலோ, அவள் உறவுக்காரப் பையன் 2 வயதில் 29 கிலோ. தருண் நான்காவது வரை ஒல்லிப்பிச்சானாக இருந்தவன். போன் வந்த பிறகுதானே இப்படி 😀

ராஜா மாமா: சரி, மாத்திரை கொடுத்தால்தான் என்ன கெட்டுவிடும்?

செந்தில்: டி4 சரியாக இருக்கும்போது எடைக்காக அதைக் கொடுப்பதில்லை. அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். நீங்கள் உங்கள் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள்?

ராஜா மாமா: காபியோடு.

செந்தில்: 🤦 நாளை காலையில் போன் செய்கிறேன்.

பெரியம்மா: கவிதா, ஞாயிறன்று முறுக்கு கொண்டுவரவா, வேண்டாமா?

கவிதா: கொண்டு வாங்க. அவன் டியூஷனுக்குப் போன பிறகு டப்பாவைத் திறப்போம்.