காப்பகத்தில் தெருப்பூனையை வாங்க மறுத்துவிட்டார்கள், இனி என்ன செய்வது?

வைகைக்கரை:
கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மூன்று வாரமாக எங்கள் அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சாம்பல் நிற வரிப்பூனை சுற்றுகிறது. ஆளைக் கண்டால் ஓடுவதில்லை, காலில் வந்து உரசுகிறது. கழுத்தில் பட்டை இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தினமும் தயிர்சாதமோ சாம்பார் சாதமோ வைக்கிறார்.

சனிக்கிழமை அதைத் துணிக்கூடையில் மூடி எடுத்துக்கொண்டு நகரக் காப்பகத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “நன்றாகத்தானே இருக்கிறது, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்” என்றார். அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் அது கத்திக்கொண்டே வந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது. வரிப்பணத்தில் நடக்கும் காப்பகம் தெருப்பூனையை வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? எங்கள் வீட்டு ஒப்பந்தத்தில் பிராணி வளர்க்க அனுமதி இல்லை. மழைக்காலம் வேறு வருகிறது.

ஞாயிறு தன்னார்வலர்:
உங்கள் கோபம் புரிகிறது, அக்கா. ஆறு வருடமாக வேறொரு கவுண்டியில் காப்பகக் கூண்டு கழுவுகிறேன். முதல் மாதம் எனக்கும் இதே கோபம்தான்.

ஆனால் வருகிற பூனையை எல்லாம் வாங்கிய காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இங்கே சட்டப்படி தெருப்பூனையை ஆறு வேலைநாள் வைத்திருக்க வேண்டும். மாலையிலோ வார இறுதியிலோ திறந்திருக்கும் காப்பகம் என்றால் நான்கு நாள். அதற்குப் பிறகு இடம் இல்லாவிட்டால் கருணைக்கொலை ஊசிதான். இதே கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரக் காப்பகத்தில் 2009-இல், வந்த பூனைகளில் 70 சதவீதத்துக்கு மேல் அப்படிப் போயின. 2010 மார்ச்சிலிருந்து கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட ஆரம்பித்தார்கள். நான்கு வருடத்தில் 10,080 பூனைகள். வரத்து 29 சதவீதம் குறைந்தது, சாவு 23 சதவீதத்துக்கு இறங்கியது. மற்ற ஊர்களும் இந்த வழிக்கு வந்ததில் கேட் ஹர்லி, ஜூலி லெவி என்ற இரண்டு கால்நடை மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று, நெரிசலான கூண்டு அறையில் நல்ல பூனையும் சில நாளில் தும்ம ஆரம்பித்துவிடும். அதை நானே எத்தனையோ முறை துடைத்து விட்டிருக்கிறேன்.

உங்கள் பூனைக்கு ஒரு வீடு இருக்கலாம். தொலைந்து கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே அகப்பட்டதாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. காகிதப் பட்டையில் “இது உங்கள் பூனையா?” என்று எழுதி, போன் நம்பரோடு கழுத்தில் தளர்வாக ஒட்டிவிடுங்கள். இழுத்தால் கிழிய வேண்டும். காது நுனி வெட்டியிருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆனது என்று அர்த்தம். தோலுக்கடியில் வைக்கும், உரிமையாளரைக் கண்டுபிடிக்க உதவும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பல மருத்துவமனைகளில் காசு வாங்காமலே பார்ப்பார்கள்.

அப்புறம், அம்மாவிடம் சாம்பார் சாதம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெங்காயம் பூனைக்கு விஷம்.

கோமதி:
தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்யும்போது பூனையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காப்பகத்தில் இதே பதில்தான். இரண்டு வாரத்தில் அது எலும்பாகிவிட்டது. மனிதரை அண்டாத பூனைக்கு இந்த ஏற்பாடு சரி. மடியில் வளர்ந்ததற்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது, கயோட்டி என்கிற ஓநாய் மாதிரி விலங்கு வந்தால் ஓடத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விட்டுவிட்டுப் போனது என்று தெரிந்தால் மேலாளரைக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். என் விஷயத்தில் மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு வாங்கிக்கொண்டார்கள். அடிபட்டாலோ இளைத்தாலோ அன்றைக்கே திரும்பக் கொண்டு போங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. காகிதப் பட்டை இரண்டு நாள் கழுத்தில் இருந்தது, மூன்றாம் நாள் காணோம். யாரும் கூப்பிடவில்லை. மருத்துவமனையில் பார்த்துவிட்டார்கள்: சிப் இல்லை, காது முழுசாக இருக்கிறது, கருத்தடை ஆகாத ஆண். வியாழக்கிழமை காலை அறுவைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கோமதி அக்கா, மேலாளருக்கும் எழுதிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. துணிக்கூடையைப் போன தடவையே பிறாண்டிக் கிழித்துவிட்டது. பக்கத்தில் யாரிடமாவது பூனைக்கூடை இருக்கிறதா?

ஞாயிறு தன்னார்வலர்:
என்னிடம் இரண்டு இருக்கிறது, புதன் மாலை கொண்டுவருகிறேன். அன்று நள்ளிரவுக்கு மேல் சாப்பாடு வைக்கக் கூடாது, அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.