செல் 44 பாட்டும் லெனனின் மெல்லோட்ரானும்

ஊசிமுனை:
அறுபதுகளின் பிரிட்டிஷ் பாப் பாட்டுகளில் உரிய மரியாதை கிடைக்காத ஒன்றைச் சொல்லுங்கள் என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். ஸாம்பீஸ் குழுவின் 'கேர் ஆஃப் செல் 44' என்று நான் எழுதினேன். உடனே பெப்பர் பித்தன் வந்து, "பீட்டில்ஸின் லெனன் ஸ்டுடியோவில் விட்டுப்போன மெல்லோட்ரானை வைத்து ஒப்பேற்றிய பாட்டு அது. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் பாட்டே இல்லை" என்று இரண்டு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார். (மெல்லோட்ரான் என்பது பியானோ போலக் கட்டைகளை அழுத்தினால் நாடாவில் பதிந்த வாத்திய ஒலி கேட்கும் பெட்டி.) ராத்திரி முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது. பதிலை இங்கே தனி இழையாகவே எழுதுகிறேன்.

பாட்டு எதில் தொடங்குகிறது? பியானோவில். ராட் ஆர்ஜென்டின் பியானோ துள்ளிக்கொண்டு வருகிறது, அதன் மேல் காலின் பிளன்ஸ்டோனின் குரல் ஏறுகிறது. காலை வணக்கம் சொல்லி ஒருவன் கடிதம் எழுதுகிறான். உனக்காக அறையைத் தயாராக வைத்திருக்கிறேன், ரயில் கட்டணத்துக்குக் காசு சேர்த்துவிட்டேன், வந்து கூட்டிப்போகிறேன் என்கிறான். சாதாரணக் காதல் கடிதம் என்றுதான் நினைப்போம். அந்தப் பக்கம் இருப்பவள் சிறையில் இருக்கிறாள் என்பது பிறகுதான் புரிகிறது. அப்போதும் மெட்டில் துளி சோகம் இல்லை. சிறையைப் பற்றி இவ்வளவு வெளிச்சமான பாட்டு வேறு யார் எழுதினார்கள்? இதில் லெனனின் பெட்டிக்கு என்ன வேலை?

பெப்பர் பித்தன்:
தனி இழையே திறந்துவிட்டீர்களா? நல்லது. தேதிகளைப் பாருங்கள். 1966 கடைசியில் பீட்டில்ஸ் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பதிவு செய்கிறார்கள், தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் ஒலி மெல்லோட்ரான். 1967 ஏப்ரலில் அவர்களுடைய 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தின் வேலை முடிகிறது. ஜூனில் ஸாம்பீஸ் அதே ஏபி ரோடு ஸ்டுடியோ கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். ஒலிப்பதிவாளர்களில் ஒருவர் ஜெஃப் எமெரிக், அதாவது பெப்பரைப் பதிவு செய்த அதே மனிதர். அங்கே இருந்த மெல்லோட்ரான் லெனனுடையது என்று ஆர்ஜென்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நான் கதை கட்டவில்லை. கட்டடம் பீட்டில்ஸ் கட்டடம், ஆள் பீட்டில்ஸ் ஆள், பெட்டி லெனன் பெட்டி. மிச்சம் என்ன?

ஊசிமுனை:
மிச்சம் பாட்டு, ஐயா. மெட்டு, வரி, குரல், பேஸ். கிறிஸ் வைட்டின் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகக் காதில் வாங்கிக் கேட்டுப் பாருங்கள், அதுவே ஒரு தனிப்பாட்டு.

அந்தக் கட்டடம் பீட்டில்ஸுக்குச் சொந்தம் இல்லை, இஎம்ஐ கம்பெனியின் ஸ்டுடியோ. வேறு பல குழுக்களும் அங்கே பதிவு செய்தன. ஸாம்பீஸுக்கு இந்தப் பாட்டு இடம்பெற்ற 'ஒடெஸ்ஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பம் முழுவதற்கும் கிடைத்த பணம் சுமார் 1000 பவுண்டு. சில பாட்டுகளை ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். நேரம் வீணாகக் கூடாது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்துத் தயாராக வந்து வாசித்தார்கள். பெப்பருக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது, இவர்களுக்கு இல்லை.

பெப்பர் பித்தன்:
பெட்டியைப் பற்றிக் கேட்டேன். பணத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

கடற்கரைக் குரல்:
இரண்டு பேரும் தப்பான இடத்தில் தோண்டுகிறீர்கள். அந்தப் பாட்டின் உயிர் நடுவில் வாத்தியங்கள் ஒதுங்கி, குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக வரும் இடத்தில் இருக்கிறது. அது அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவிடமிருந்து வந்தது. அவர்களுடைய 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் 1966 மே மாதமே வந்துவிட்டது, லண்டனில் எல்லா இசைக்காரர்களும் அதை வாய்பிளந்து கேட்டார்கள். அந்தக் குழுவின் பிரையன் வில்சன் மேல் தனக்கு இருந்த மரியாதையை ஆர்ஜென்ட் மறைத்ததே இல்லை. நன்றி சொல்வதென்றால் கலிஃபோர்னியாவுக்குச் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
ஒருவர் பீட்டில்ஸின் ஊரான லிவர்பூலுக்கு எழுதிக் கொடுக்கிறார், இன்னொருவர் கலிஃபோர்னியாவுக்கு. ஸாம்பீஸின் ஊரான செயின்ட் ஆல்பன்ஸ் பையன்களுக்கு ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டீர்கள் போலிருக்கிறது. ஆர்ஜென்ட் சின்ன வயதில் செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். குரல்களை அடுக்குவதற்கு அவர் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

மூன்றாம் வரிசை:
நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. 'உரிய மரியாதை கிடைக்காத பாட்டு' என்றால் என்ன கணக்கு? விற்கவில்லை என்பதா, விமர்சகர்கள் கண்டுகொள்ளவில்லை என்பதா, இன்றைக்கு யாரும் கேட்பதில்லை என்பதா? அதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையுமே.

பெப்பர் பித்தன்:
கணக்கெல்லாம் அப்புறம் பார்க்கலாம். மெல்லோட்ரான் யாருடையது என்று ஊசிமுனை சொல்லட்டும்.

ஊசிமுனை:
லெனனுடையதாகவே இருக்கட்டும், அதனால் என்ன? மெல்லோட்ரானை லெனன் கண்டுபிடித்தாரா? பர்மிங்காமில் ஸ்ட்ரீட்லி எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி 1963-லிருந்து செய்துகொண்டிருந்த பெட்டி அது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத்துண்டு. அழுத்தினால் அதில் பதிந்திருக்கும் வயலினோ புல்லாங்குழலோ சுமார் 8 விநாடி ஒலிக்கும், அதற்குமேல் நாடா தீர்ந்துவிடும். மூடி ப்ளூஸ் குழுவின் மைக் பிண்டர் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' கடைக்கு வருமுன்பே, 1966-ல், மான்ஃப்ரெட் மேன் குழுவின் சிங்கிளில் மெல்லோட்ரான் ஒலித்துவிட்டது. அப்படியானால் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' மான்ஃப்ரெட் மேனின் பிச்சையா?

இன்னொன்றும் கேளுங்கள். அதே 'ஒடெஸ்ஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு 'எ ரோஸ் ஃபார் எமிலி'. பியானோவும் குரல்களும் மட்டும்தான். மெல்லோட்ரான் கிடையாது, டிரம்ஸ்கூடக் கிடையாது. கேட்பவன் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அந்த எமிலியை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தார்களாம்?

பெப்பர் பித்தன்:
நான் எமிலியைப் பற்றிப் பேசவில்லை. செல் 44 பற்றிப் பேசினேன். அதில் மெல்லோட்ரான் இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
இருக்கிறது. பின்னால், நிறம் சேர்க்க. முன்னால் நிற்பது பியானோ.

பெப்பர் பித்தன்:
இருக்கிறது. அவ்வளவுதான். நன்றி.

ஊசிமுனை:
'அவ்வளவுதான்' என்று எப்படிச் சொல்வீர்கள்? இருப்பது வேறு, அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பது வேறு. அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித் இந்தப் பாட்டை மேடைகளில் பாடியிருக்கிறார். மேத்யூ ஸ்வீட்டும் சூசன்னா ஹாஃப்ஸும் 2006-ல் தங்கள் ஆல்பத்தில் பாடினார்கள். வேறு நாட்டில், வேறு காலத்தில், வேறு ஆட்கள் பாடியும் நின்ற பாட்டு. லெனனின் பெட்டி அவர்கள் கூடவே போனதா?

மோனோ மட்டும்:
எந்தக் கலவையைக் கேட்டுவிட்டு எல்லோரும் பேசுகிறீர்கள்? மெல்லோட்ரான் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பது அதைப் பொறுத்தது. அந்த ஆல்பத்தின் அசல் மோனோதான், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவது; ஸ்டீரியோவில் இடம் வலம் என்று பிரிந்து வரும். மோனோ கலவை முடிந்த பிறகுதான் இசைத்தட்டு கம்பெனியான சிபிஎஸ் ஸ்டீரியோவும் வேண்டும் என்று கேட்டது. கையில் பணம் இல்லை. ஆர்ஜென்டும் வைட்டும் பாட்டெழுதிச் சம்பாதித்த சொந்தக் காசைப் போட்டு ஸ்டீரியோ செய்துகொடுத்தார்கள். இணையத்தில் முதலில் வரும் ஸ்டீரியோவைக் கேட்டுவிட்டு வாத்தியம் முன்னே, பின்னே என்று அடித்துக்கொள்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

ஊசிமுனை:
சொந்தக் காசைப் போட்டு அவர்கள் செய்த கலவையை ஏன் மட்டமாகப் பேசுகிறீர்கள்? இரண்டுமே அவர்கள் செய்ததுதான். குரல்கள் பிரிந்து வரும் இடத்தை ஸ்டீரியோவில் கேட்டால்தான் அந்த உழைப்பு தெரியும்.

மோனோ மட்டும்:
அந்த ஆல்பத்தில் 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டுக்கு ஸ்டீரியோவே இல்லாமல் போனது தெரியுமா? ஊதுகருவிகளை மோனோ கலவை செய்யும்போதே நேரடியாகச் சேர்த்துவிட்டார்கள். ஸ்டீரியோ தட்டில் வந்தது போலி ஸ்டீரியோ. அதைத்தான் ஆல்பத்தின் 'உழைப்பு' என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பெப்பர் பித்தன்:
மோனோவோ ஸ்டீரியோவோ, இரண்டிலும் லெனனின் மெல்லோட்ரான் இருக்கிறது.

கடற்கரைக் குரல்:
இரண்டிலும் பீச் பாய்ஸும் இருக்கிறார்கள்.

ஊசிமுனை:
பெப்பர் பித்தன், நேராகவே கேட்கிறேன். உங்களுக்குப் பிரச்சினை இந்தப் பாட்டா, அல்லது 1967-ல் பீட்டில்ஸைத் தவிர வேறு யாரோ நல்ல பாட்டு போட்டுவிட்டார்கள் என்பதா? போன மாதம் கிங்க்ஸ் இழையிலும் இதையே செய்தீர்கள். கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் போட்ட மெட்டு எல்லாம் பீட்டில்ஸின் மெக்கார்ட்னியின் நிழல் என்றீர்கள்.

பெப்பர் பித்தன்:
கிங்க்ஸ் இழையை நீங்களே இழுத்துவிட்டீர்கள், சந்தோஷம். அங்கே 'வாட்டர்லூ சன்செட்' பாட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று வாதாடியவர் நீங்கள். பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு அது. எண்ணைக் காட்டியதும் பதிலே வரவில்லை. அப்படிப்பட்டவர் இங்கே எனக்கு வரலாறு சொல்லித்தருகிறார்.

ஊசிமுனை:
அமெரிக்காவில் அந்தப் பாட்டு எடுபடவில்லை என்றுதான் அங்கே எழுதினேன். பாதியை வெட்டி ஒட்டாதீர்கள். அன்றைக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம், நீங்கள் என் ரசனையை விட்டுவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்ததுதான். அந்தப் பதிவுகள் இன்னும் அங்கே அப்படியே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

செல் 44-க்கு வருகிறேன். 1967 நவம்பரில் சிபிஎஸ் இதை சிங்கிளாக வெளியிட்டது. பிரிட்டிஷ் பட்டியலில் எங்கும் ஏறவில்லை. டிசம்பரில் குழு கலைந்தது. 1968 ஏப்ரலில் ஆல்பம் கடைக்கு வந்தபோது வாசித்துக் காட்ட ஸாம்பீஸ் என்று ஒரு குழுவே இல்லை. பிளன்ஸ்டோன் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குப் போய்விட்டார். அப்படி ஒரு குரல், கோப்பு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அந்த ஐந்து பேருக்கும் தோல்வியைக் கொடுத்தது அந்த வருஷம். இப்போது நீங்கள் வந்து மிச்சமிருக்கும் பெயரையும் லெனனிடம் கொடுக்கிறீர்கள்.

மூன்றாம் வரிசை:
ஆனால் 'டைம் ஆஃப் த சீசன்' 1969-ல் அமெரிக்காவில் 3-ஆம் இடம் வந்ததே? அதே ஆல்பம்தானே? பிரிட்டிஷ் பாடகர் பால் வெல்லர் தன் மனதுக்கு மிகப் பிடித்த ஆல்பம் என்று இதைச் சொல்லியிருக்கிறார். 2019-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேலும் மரியாதை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியுமா? அதனால்தான் முதலிலேயே கணக்கு கேட்டேன்.

ஊசிமுனை:
மரியாதை குழுவுக்கு வந்தது, ஆல்பத்துக்கு வந்தது, 'டைம் ஆஃப் த சீசன்' பாட்டுக்கு வந்தது. அதுவும் அமெரிக்க இசைக்காரர் அல் கூப்பர் அந்தத் தட்டை லண்டனிலிருந்து கொண்டுபோய், வெளியிட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்க கொலம்பியா கம்பெனியிடம் மல்லுக்கட்டியதால் வந்தது. அங்கேயும் 'டைம் ஆஃப் த சீசன்' வெற்றி பெறுமுன் எதை சிங்கிளாகப் போட்டார்கள் தெரியுமா? முதல் உலகப் போரைப் பற்றிய 'புட்சர்ஸ் டேல்'. கையில் இருந்த தங்கத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செல் 44 அன்றும் இன்றும் ஆல்பத்தின் முதல் பாட்டு, அவ்வளவுதான். கடைக்காரரிடம் ஸாம்பீஸ் என்று சொன்னால் அவர்களுடைய பழைய வெற்றியான 'ஷீ இஸ் நாட் தேர்' பாட்டைத்தான் எடுத்துப் போடுவார்.

கடற்கரைக் குரல்:
குழு இல்லாத நேரத்தில் அமெரிக்காவில் போலி ஸாம்பீஸ் ஊர் ஊராகப் போனதையும் சொல்லுங்கள். அதில் ஒரு கும்பலில் இருந்த இரண்டு பேர் பிற்பாடு ஸீஸீ டாப் குழுவில் சேர்ந்தார்கள்.

பெப்பர் பித்தன்:
போலிகள் எந்தப் பெட்டியை வாசித்தார்களாம்?

ஊசிமுனை:
இதுதான் உங்கள் தரம். 2004-ல் கிட்டார் வாசித்த பால் அட்கின்சன் இறந்துவிட்டார். மிச்சமிருந்த நான்கு பேரும் 2008-ல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் சேர்ந்து நின்று இந்த ஆல்பத்தை முழுசாக வாசித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து. முதல் பாட்டு செல் 44. அந்தப் பதிவைப் பாருங்கள். வயதான பிளன்ஸ்டோன் அந்த உயரத்தை எப்படிப் பிடிக்கிறார் என்று கேளுங்கள். கேட்ட பிறகும் பெட்டி, பெட்டி என்றே எழுதுவீர்கள் என்றால் உங்களிடம் பேசிப் பயனில்லை.

பெப்பர் பித்தன்:
கேட்டிருக்கிறேன். நன்றாகவே பாடுகிறார். பாட்டு மோசம் என்று நான் எங்கே சொன்னேன்? லெனனின் மெல்லோட்ரான் இல்லாவிட்டால் இந்தப் பாட்டு இப்படி இருக்காது என்றுதான் சொன்னேன்.

ஊசிமுனை:
நேற்று எழுதியது 'பாட்டே இல்லை'. இன்றைக்கு 'இப்படி இருக்காது'. நேற்றைய வரி மேலேயே இருக்கிறது, எல்லோரும் பார்க்கலாம்.

பெப்பர் பித்தன்:
இரண்டும் ஒன்றுதான்.

ஊசிமுனை:
ஒன்று இல்லை.

மோனோ மட்டும்:
2008 கச்சேரிப் பதிவு ஸ்டீரியோதான், அதை வைத்து அசல் பாட்டின் ஒலியைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மோனோ கலவையில் பேஸ் எவ்வளவு திடமாக நிற்கிறது என்று கேட்டவர்களுக்குத்தான் வைட்டின் அருமை தெரியும். கேட்டவர்கள் யாராவது இருந்தால் தொடருங்கள்.

ஊசிமுனை:
என்னிடம் இரண்டும் இருக்கிறது. நாளை விடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, பேஸ் எங்கே நிற்கிறது, பியானோ எங்கே நிற்கிறது, மெல்லோட்ரான் எந்த இடத்தில் நுழைகிறது என்று நொடிக்கணக்கோடு எழுதுகிறேன். அதற்குள் இழையை யாரும் பூட்டாதீர்கள்.

பெப்பர் பித்தன்:
மெல்லோட்ரான் நுழையும் இடத்தை முதலில் எழுதுங்கள்.