மூன்று குழாய் சிலிக்கான் பூசியும் ஜன்னல் ஒழுகுகிறது: எங்கே தவறு?

ஈரச்சுவர்

வணக்கம். இரண்டு வாரமாக ஒரு ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

படுக்கையறையில் இருப்பது இரண்டு கண்ணாடிகள் பக்கவாட்டில் நகரும் அலுமினிய ஜன்னல். ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். சும்மா பெய்யும் மழைக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்றோடு சேர்ந்து அடித்தால் உட்பக்கத் திட்டில் தண்ணீர் தேங்கிச் சுவரில் இறங்குகிறது. இடது கீழ் மூலையில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறது.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. சில இடங்களில் மயிரிழை, சில இடங்களில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. வினிகர் வாடை அடிக்கும் நிறமற்ற சிலிக்கான் வாங்கி வெளிப்பக்கம் நாலாபுறமும் பூசினேன். போதாது என்று தோன்றியதால் இன்னொரு சுற்று, பிறகு உட்பக்கமும். மொத்தம் மூன்று குழாய். மேலே வண்ணம் அடிக்கப் பார்த்தேன். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு நேற்றைய மழையில் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. முன்பு ஒரு துணி போதும், நேற்று வாளி வைத்தேன்.

கூடவே ஒரு சந்தேகம்: வாசல் மரக்கதவின் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது, அடியில் விரல் நுழைகிறது. அதற்கும் இதே சிலிக்கானைப் பூசலாமா?

கல்லும்மண்ணும்

சிலிக்கான் எல்லாம் கண்துடைப்பு. சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் கலவையை அழுத்தி அடைத்து, மேலே வெள்ளைச் சிமெண்ட் பூசுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

நிலைச்சட்டம்

இருபது ஆண்டுகளாக ஜன்னல் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னதை ஏற்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும். அலுமினியம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். உங்கள் ஒன்றரை மீட்டர் சட்டம் 30 டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், சுவர் அதில் பாதிதான் நீளும். யுபிவிசி எனும் பிளாஸ்டிக் சட்டம் என்றால் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. இந்த இழுபறிக்கு நடுவே விறைப்பான சிமெண்டை வைத்தால் ஓராண்டுக்குள் அதே இடத்தில் மயிரிழை விழும். தண்ணீருக்கு மயிரிழை போதும்.

ஆனால் அதற்கும் முன்னால், ஈரச்சுவர் அவர்களே, மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். பூசிய சிலிக்கானை ஒரு மூலையில் பிடித்து இழுங்கள். உரிந்து வந்தால் அதன் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மழையின்போது தண்ணீர் முதலில் எங்கே தலைகாட்டுகிறது: கண்ணாடி ஓடும் தடத்திலா, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலா? கடைசியாக, சட்டத்தின் கீழ்ப் பட்டையில், வெளிப்பக்கம், சிறிய நீள்துளைகள் இருக்கின்றனவா?

ஈரச்சுவர்

ஐயா, இழுத்த உடனே முழ நீளத்துக்கு நாடா போல வந்துவிட்டது. பின்பக்கம் முழுக்க வெள்ளை மாவு. விரலால் தேய்த்தால் சுவரின் பழைய வண்ணம்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

தண்ணீர் முதலில் நிற்பது தடத்தில். அது நிரம்பித்தான் உள்ளே வழிகிறது.

துளைகள்… இரண்டு இருந்தன. சரியாக மூடாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அவற்றையும் சிலிக்கானால் நிரப்பி விரலால் வழித்து அழகாக மூடினேன்.

நிலைச்சட்டம்

சாக்கடை வாயில் கல்லை வைத்துவிட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது என்கிறீர்கள். கோபிக்காதீர்கள், இதைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை. போன மாதம்கூட ஒரு வீட்டில் இதே வேலையைப் பார்த்தேன்.

நகரும் ஜன்னலில் கண்ணாடிக்கும் தடத்துக்கும் நடுவே முழு அடைப்பு கிடையாது; இருந்தால் கண்ணாடி நகராது. அதனால் பலத்த மழையில் தடத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். வந்தது வெளியே போவதற்காக வைத்தவைதான் அந்தத் துளைகள். முன்பு அவை தூசியால் பாதி அடைத்திருக்க வேண்டும், அதனால்தான் ஒரு துணி அளவுக்கு ஒழுகியது. நீங்கள் முழுதாக மூடியதும் வாளி தேவைப்பட்டது.

கூர்மையான கத்தியால் துளையில் இருக்கும் சிலிக்கானை வெட்டி எடுங்கள். மெல்லிய கம்பியை விட்டு உள்ளே குத்திச் சுத்தம் செய்யுங்கள். பிறகு தடத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, வெளியே வடிகிறதா என்று பாருங்கள். சுவர் இடைவெளி வேலையை அதற்கு முன்னால் தொடவே வேண்டாம்.

மாடிப்படி

இடையில் குறுக்கிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெரிய இடைவெளிக்கு நுரை பீய்ச்சும் டப்பாவை வாங்கி நானே அடித்தேன். அது ஊதி ஊதிச் சட்டத்தையே உள்பக்கம் நெம்பிவிட்டது. கண்ணாடி பாதி வழியில் சிக்கிக்கொண்டது. ஜன்னலுக்கென்று குறைவாக ஊதும் நுரை தனியாக இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வெயில் படும் இடத்தில் அதை அப்படியே விட்டதும் என் தவறு. பழுப்பேறிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

நிலைச்சட்டம்

சரியாகச் சொன்னீர்கள், அக்கா. நுரை உள்ளிருந்து நிரப்புவதற்கு மட்டும். மழையையும் வெயிலையும் தாங்க அதன் மேல் வேறு பூச்சு வேண்டும்.

ஈரச்சுவர்

ஐயா, துளைகளைத் திறந்துவிட்டேன். ஊற்றிய தண்ணீர் பத்து எண்ணுவதற்குள் வெளியே போய்விட்டது! ஆனால் இன்றைய சாரலிலும் அந்த இடது மூலைச் சுவர் லேசாக நனைந்தது. தடம் காய்ந்துதான் இருந்தது.

நிலைச்சட்டம்

அப்படியானால் இரண்டு ஒழுக்கு. இரண்டாவதைக் கண்ணால் பார்க்காமல் பூசாதீர்கள். ஒருவர் வெளியே தண்ணீர்க் குழாயோடும் இன்னொருவர் உள்ளே விளக்கோடும் நில்லுங்கள். முதலில் கீழ் விளிம்பில் மட்டும் ஐந்து, பத்து நிமிடம் தண்ணீர் காட்டுங்கள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் பக்கவாட்டு, கடைசியில் மேல் விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடைவெளியையும் நனைத்துக்கொண்டு இறங்கும், குற்றவாளி யார் என்று தெரியாது.

ஈரச்சுவர்

பிடித்துவிட்டோம். கீழ் விளிம்பில் ஒன்றும் இல்லை. இடது பக்கம் நடுப்பகுதிக்குத் தண்ணீர் காட்டிய மூன்றாவது நிமிடத்தில் உள்ளே மூலை கறுத்தது. அங்கே நான் பூசிய சிலிக்கான் சுவரைவிட்டுத் தாள் அளவு விலகி நிற்கிறது. இனி எப்படிப் பூசுவது? முதல் வகுப்பு மாணவனுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

நிலைச்சட்டம்

முதல் தவறு பொருளில். வினிகர் வாடை என்றால் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. கண்ணாடிக்கு நன்றாக ஒட்டும். சிமெண்டுக்கு ஆகாது, சில உலோகங்களையும் அரிக்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே நியூட்ரல் என்று அச்சிட்ட சிலிக்கான் வாங்குங்கள். மேலே வண்ணம் அடித்தே ஆக வேண்டுமென்றால் பாலியூரித்தேன் சீலண்ட், அதாவது இடைவெளியை அடைக்கும் பூச்சில் இன்னொரு வகை. அக்ரிலிக் வகையும் வண்ணம் ஏற்கும், ஈரத்துணியால் துடைக்கலாம், கைக்கு எளிது. ஆனால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது சுருங்கும், அதிக அசைவைத் தாங்காது. உட்பக்க மயிரிழைகளுக்கு அது போதும். எதுவானாலும் குழாயின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழையது என்றால் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

இரண்டாவது தவறு அடித்தளத்தில். உங்கள் சிலிக்கான் சுவரில் ஒட்டவில்லை; சுவரின் மேல் இருந்த உதிரும் வண்ணத்தில் ஒட்டியது. வண்ணம் உரிந்ததும் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த வெள்ளை மாவு சொன்ன கதை அதுதான். இரண்டு ஓரங்களிலும் கத்தியால் கீறிப் பழையதை முழுதாக எடுங்கள். பழைய சிலிக்கான் படலம் மிச்சமிருந்தால் புதியது அதன் மேல் நிற்காது. சுவர் விளிம்பைக் கம்பித் தூரிகையால் கெட்டியான பூச்சு தெரியும்வரை தேய்த்து, தூசியை ஊதித் தள்ளிவிட்டு, சட்டத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். நனைந்த சுவர் நன்றாகக் காயட்டும். அவசரம் வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் மூன்று குழாயைத் தின்னக் கொடுத்த விஷயம். ஜன்னலின் சுற்றளவு 5.4 மீட்டர். இடைவெளி சராசரி 8 மி.மீ. அகலம், பூச்சு 6 மி.மீ. ஆழம் என்று வைத்தால் சுமார் 260 மி.லி. ஆகிறது. 300 மி.லி. குழாய் ஒன்று போதும். மீதி இரண்டில் பெரும்பங்கு சுவருக்குள் இருக்கும் பொந்தில் விழுந்திருக்கிறது. அதைத் தடுக்கத்தான் இடைவெளிக்குள் முதலில் நுரைக்கயிறு திணிப்போம். கடையில் பேக்கர் ராட் என்று கேளுங்கள். 8 மி.மீ. இடைவெளிக்கு 10 மி.மீ. கயிறு, அழுத்தி நுழைத்தால் தானே பிடித்துக்கொள்ளும். கயிற்றில் சீலண்ட் ஒட்டாது, அதுவும் நல்லதே. இரண்டு பக்கங்களில் மட்டும் ஒட்டிய பூச்சு ரப்பர் பட்டை போல இழுபடும். பின்பக்கமும் ஒட்டிவிட்டால் இழுபட இடமில்லாமல் கிழியும்.

பூசும்போது முனையைச் சாய்வாக, இடைவெளியைவிடச் சிறியதாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டிவிட்டுத்தான் எல்லோரும் கையெல்லாம் பூசிக்கொள்கிறார்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பாகப் போங்கள். மேலே தோல் கட்டுவதற்குள் ஒரு முறை அழுத்தி வழித்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். சோப்புத் தண்ணீரை விரலில் தொட்டுக்கொள்வது வழிப்பதற்கு மட்டும். பூசும் முன் இடைவெளியில் பட்டால் ஒட்டாது. நாளொன்றுக்கு 2 அல்லது 3 மி.மீ. ஆழம்தான் இறுகும், ஆகவே மூன்று நாள் கை வைக்காதீர்கள். அந்த இரண்டு துளைகளும் திறந்தே இருக்கட்டும்!

கல்லும்மண்ணும்

நுரைக்கயிறு எனக்கும் புதிது. எங்கள் வீட்டுச் சிமெண்ட் பூச்சை இன்று போய்ப் பார்த்தேன். மேல் மூலையில் கீறல் விட்டிருக்கிறது.

உளியோசை

கதவு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் தச்சன், அதனால் சொல்கிறேன். நிலைக்கும் சுவருக்கும் நடுவே அசையாத இடைவெளி இருந்தால் சீலண்ட் பூசலாம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே கூடாது. ஒன்று கதவு ஒட்டிக்கொள்ளும், அல்லது முதல் முறை திறக்கும்போதே பூச்சு கிழியும். அங்கே நிலையின் உட்படியில் ஒட்டும் ரப்பர் பட்டை, அடியில் கதவோடு சேர்த்துத் திருகும் தூரிகை அல்லது ரப்பர் பட்டை. எந்த ஓரத்தில் காற்று வருகிறது என்று தெரியாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்திப் புகையை ஓரமாகக் காட்டுங்கள், அது வளைந்து காட்டிக்கொடுக்கும்.

ஈரக் காலத்தில் மரம் ஊதும். காய்ந்த நாளில் இடைவெளி தெரிகிறதே என்று தடித்த பட்டையை ஒட்டினால், மழை நாளில் தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால் கீல் திருகுகளை முடுக்கிப் பாருங்கள். மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கினாலும் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். இன்னொன்று, அறையில் எரிவாயு அடுப்போ வெந்நீர்க் கலனோ இருந்தால் அதற்கென விட்ட காற்றுத் துவாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

ஈரச்சுவர்

பத்து நாள் கழித்து வருகிறேன். நியூட்ரல் சிலிக்கான் ஒன்றேகால் குழாய் ஆனது. கணக்கைவிடக் கால் குழாய் கூடுதல், அது என் கைவண்ணம். நேற்றிரவு காற்றும் மழையும் போட்டி போட்டன. டார்ச்சோடு மூலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காய்ந்த சுவர். வெளியே இரண்டு துளைகளிலிருந்தும் தண்ணீர் நூல் போல வடிந்தது.

கதவில் தச்சர் சொன்னதுபோலக் கீல்தான் தளர்ந்திருந்தது. முடுக்கியதும் பாதி வெளிச்சம் போய்விட்டது, மீதிக்கு ரப்பர் பட்டை. முக்கால் குழாய் மிச்சம் இருக்கிறது, அதை எப்படி வைப்பது?

நிலைச்சட்டம்

முனைக்குள் ஒரு நீளத் திருகாணியைத் திருகி வையுங்கள். அடுத்த முறை திருகாணியைப் பிடித்து இழுத்தால் இறுகிய துண்டும் கூடவே வந்துவிடும். ரொம்ப நாள் தாங்காது. உள் ஜன்னல்கள் ஏதாவது இருந்தால் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.