சனி எடை, ஞாயிறு மேடை: கார்ப் எப்போது ஏற்றுவது?

மதுரையில் வரும் ஞாயிறு காலை மாவட்ட ஆணழகன் போட்டி. 70 கிலோ பிரிவு, எடை பார்ப்பது சனி மாலை. இன்று புதன், வெறும் வயிற்றில் 70.9 இருக்கிறேன். கொழுப்பு இறங்கிவிட்டது, தொடையில் கோடுகூடத் தெரிகிறது. ஆனால் உடம்பு காற்றுப் போன டியூப் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. பயிற்சி செய்தாலும் தசை புடைக்கும் பம்ப் ஏறவே மாட்டேன் என்கிறது.

கார்ப், அதாவது மாவுச்சத்து ஏற்றினால், அது தசையில் கிளைகோஜனாகச் சேரும்; ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எடை தாண்டிவிடும். ஏற்றாவிட்டால் மேடையில் தசை நிரம்பாது.

போன வாரம் ஒத்திகையாக ஒரு நாள் சோறும் சர்க்கரைவள்ளியும் சேர்த்து 500 கிராம் கார்ப் எடுத்தேன். தோளும் மார்பும் நிரம்பின, ஆனால் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடி, வயிறும் உப்பியது. அப்புறம் கிழங்கை விட்டு வெள்ளைச் சோறு மட்டும். உப்பல் குறைந்தது, எடை அப்படியே. உப்பை நிறுத்தியும் பார்த்தாயிற்று, இன்னும் தட்டையானதுதான் மிச்சம். இப்போது உப்பு வழக்கம்போல, தண்ணீர் 4 லிட்டர், நார்ச்சத்தைக் குறைத்திருக்கிறேன்.

ஜிம்மில் சிலர் தண்ணீர் இறக்கும் மாத்திரை போடச் சொல்கிறார்கள். 1992-ல் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் பாடிபில்டர் முகமது பெனாசிசா இறந்த கதை தெரியும், அது வேண்டாம். 75 கிலோவுக்கு மாறு என்றும் சொல்லாதீர்கள், அங்கே காணாமல் போய்விடுவேன்.

எடை பார்த்தபின் மேடை ஏறும்வரை சுமார் 15 மணி நேரம் இருக்கிறது. கார்ப் முழுவதையும் அதற்குள் ஏற்றினால் போதுமா, வெள்ளியே கொஞ்சம் தொடங்க வேண்டுமா?