சுரங்கத்திலிருந்து வந்த அமைச்சர்: பெவனை நாம் கொண்டாடலாமா?

செந்தூல்காரன்:
ஜூலை 5 வந்தாலே எனக்கு அனைரின் பெவன் ஞாபகம்தான். 1948இல் அந்த நாளில்தான் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அதைக் கொண்டுவந்த அமைச்சர், வேல்ஸில் ட்ரெடிகர் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய பையன். அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. நுரையீரலில் தூசி படிந்து இறந்தார், நஷ்டஈடு கிடைக்கவில்லை. மகன் தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 1926 வேலைநிறுத்தத்தில் ஊருக்குத் தலைமை தாங்கி, 1929இல் நாடாளுமன்றம் போனார். மலாயா ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளான நாம் கொண்டாட வேண்டிய ஆள் இல்லையா?

பத்துமலை வாசி:
தாராளமாகக் கொண்டாடுங்கள். ஆனால் அதே 1948 ஜூனில் இங்கே மலாயாவில் என்ன நடந்தது? பிரிட்டிஷ் காலனி அரசு போட்ட அவசரகாலச் சட்டம். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் கதையை முடித்தார்கள். அதன் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்தாராம், அதுதான் குற்றம். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் பலனில்லை. அப்போது லண்டனில் ஆண்டது பெவனின் தொழிற்கட்சி. அமைச்சரவையில் உங்கள் பெவனும் இருந்தார்.

செந்தூல்காரன்:
அண்ணே, அவர் துறை சுகாதாரமும் வீட்டுவசதியும். காலனி விவகாரம் வேறு ஆள் கையில் இருந்தது. இவரைப் பிடித்துத் திட்டினால் எப்படி?

கிள்ளான் அக்கா:
தம்பி சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். நான் பிறந்த தோட்டத்தில் டிரசர், அதாவது டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கும் உதவியாளர், ஒருவர் இருந்தார். காய்ச்சலோ வயிற்றுவலியோ, எதற்கும் அதே சிவப்பு மருந்துதான், வீட்டிலிருந்து நாம் கொண்டுபோகும் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். ட்ரெடிகரிலோ தொழிலாளிகளே சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள், டாக்டரையும் அவர்களே அமர்த்தினார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர் பெவன். மேலிருந்து யாரோ போட்ட பிச்சை இல்லை அது. இன்று நாம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மருந்து வாங்குகிறோமே, அந்த எண்ணமும் இதற்குச் சொந்தம்தான்.

பத்துமலை வாசி:
அக்கா, அந்த எண்ணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? போருக்குப் பிறகு பிரிட்டனுக்கு டாலர் பஞ்சம். பிரிட்டிஷ் பவுண்டை நம்பியிருந்த நாடுகளான ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு டாலர் கொண்டுவந்ததில் மலாயாவின் ரப்பரும் ஈயமும் முன்வரிசை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கு நம் ஆட்கள். நேராக இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நம் சங்கங்களை ஏன் அவ்வளவு அவசரமாக முடக்கினார்கள் என்பதற்கு இதிலும் கொஞ்சம் பதில் இருக்கிறது.

காஜாங் வாத்தியார்:
செந்தூல் தம்பியும் கிள்ளான் அக்காவும் பெவனை வீரனாக்கிவிட்டீர்கள். ஆள் பேரம் பேசத் தெரிந்தவர். சேவையில் சேர மாட்டோம் என்று முறுக்கிய பெரிய டாக்டர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே தனியார் நோயாளிகளைப் பார்க்கவும் அனுமதி கொடுத்தார். அவர்கள் வாயில் தங்கத்தைத் திணித்தேன் என்று அவரே சொன்னதாகக் கதை உண்டு. அப்படி விட்டுக்கொடுத்ததால்தான் காரியம் நடந்தது என்பது என் கட்சி.

செந்தூல்காரன்:
சரி வாத்தியார் ஐயா, ஆனால் 1951 ஏப்ரலில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும் பதவியைத் தூக்கி எறிந்தாரே! ஆயுதச் செலவு எகிறியதும் ஒரு காரணம். பதவி ஆசை பிடித்தவன் செய்கிற வேலையா அது?

பத்துமலை வாசி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். பல்செட்டுக்காகப் பதவியை விடத் தெரிந்தவருக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பு, புடு சிறையில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் தொங்கியபோது ஏன் தோன்றவில்லை? அப்போது அவர் எதிர்த்துப் பேசியது ஏதும் இருந்தால் இங்கே போடுங்கள், நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

செந்தூல்காரன்:
தேடுகிறேன். அதுவரை 1956இல் எகிப்தின் சூயஸ் கால்வாய்மீது பிரிட்டன் நடத்திய படையெடுப்பை எதிர்த்து லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் பேசியதைக் கணக்கில் வையுங்கள்.

பத்துமலை வாசி:
அப்போது அவர் எதிர்க்கட்சி. அது சுலபம்.